காதுக்குப் பின்னால் பதினோரு பேர்

வீட்டில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது மோனிஷாவுக்கு.

நாற்காலி அவளுடையது. கையிலிருந்த தேநீர் அவள் போட்டது. புளியங்கரைப் பெண்கள் கிளைச் சிறையின் ஜெயிலர் அவள். சிறைச் சுவரை ஒட்டியே குடியிருப்பு. சீருடையைக் கழற்றிப் போட்டு, முகம் கழுவி, விளக்குப் போட்டு, எல்லாம் ஆயிற்று. இதற்கு மேல் எந்த வீட்டுக்குப் போவது?

“யாருடைய ஏக்கம் இது?” என்று வாய்விட்டே கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லை. கணவர் கோயம்புத்தூரில் இருந்தார், மகள் புனேயில் படித்துக்கொண்டிருந்தாள். மோனிஷா வலது காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். பச்சைப் பயறு அளவில் ஒத்துணர்வி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒத்துணர்வி வருவதற்கு முன்னால் கைதிகளின் நலம் என்பது எப்போதாவது வந்துபோகும் குழுக்களின் பொறுப்பாக இருந்தது. குழு வரும் நாளில் சாம்பாரில் காய் கிடக்கும். “சாப்பாடெல்லாம் எப்படி?” என்று குழுவினர் கேட்பார்கள். பக்கத்திலேயே ஜெயிலர் நிற்கும்போது கைதி என்னத்தைச் சொல்வாள்? “நல்லா இருக்குங்கய்யா” என்பாள். குழுவும் அதை எழுதிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும். மறுநாள் காய் மறைந்துவிடும்.

இந்தக் கூத்தைப் பார்த்து அலுத்துப்போன ஒரு புத்திசாலிதான், கேட்பதால்தானே பொய் வருகிறது, கேட்காமலே தெரிந்துகொண்டால் என்ன என்று யோசித்தார். கைதியின் மணிக்கட்டில் ஒரு பட்டை. அது அவளுடைய வலி, பசி, பயம், துக்கம் எல்லாவற்றையும் அனுப்பும். சிறைக்குப் பொறுப்பான அதிகாரியின் காதுக்குப் பின்னால் ஒத்துணர்வி. அது அவற்றை வாங்கி, பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, அதிகாரியின் நரம்புக்குள் இறக்கும். கைதிக்குப் பசித்தால் ஜெயிலருக்கும் வயிறு கொஞ்சம் கிள்ளும். கொசு கடித்தால் ஜெயிலரும் சொறிந்துகொள்ள வேண்டியதுதான். ராத்திரியில்தான் கொசு அதிகம் என்பதால் இரவும் பகலும் அதைக் கழற்றக் கூடாது. ஜெயிலர் ஊரைவிட்டுப் போனாலும் அது விடாது, கட்டமைப்பு அப்படி.

இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. எந்த உணர்வு எந்தக் கைதியுடையது என்று ஜெயிலருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், பல்வலியால் தன் தூக்கத்தைக் கெடுத்தவளைப் பிடித்துத் தண்டித்துவிடுவாரே! அதனால் கலப்பி என்றொரு கருவி எல்லா உணர்வுகளையும் ஒன்றாகக் கலக்கி அனுப்பியது. அடுத்த விதி, எப்படி இருக்கிறாய் என்று கைதியிடம் யாரும் கேட்கக் கூடாது. கேட்பது குற்றம். எல்லாம்தான் தெரிகிறதே, எதற்குக் கேட்பது?

சும்மா சொல்லக் கூடாது, முதல் சில வாரங்கள் இயந்திரம் தன் வேலையைக் காட்டியது. கலெக்டர் கூட்டத்தில் பேச எழுந்த மோனிஷாவின் முதுகில் மூட்டைப்பூச்சி கடித்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு முதுகைத் தூணில் தேய்த்தாள். அன்று மாலையே சிறையிலிருந்த பாய், போர்வை அத்தனையும் கொளுத்தப்பட்டன. அவளுக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது நாலைந்து பேருடைய வலி அவளுடைய அடிவயிற்றில் வரிசையாக வந்து உட்கார்ந்தது. பல வருஷமாகக் கேட்டும் வராத பஞ்சுப் பட்டைகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. பல் டாக்டர் வந்தார். குழாய் ஒழுகுவது நின்றது. அரசாங்கம் அரை நூற்றாண்டாகச் செய்யாததை ஒரு ஜெயிலரின் எரிச்சல் செய்துமுடித்தது.

ஆனால் அவளுக்குத் தலை கொதித்தது. பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவள் அவள். இயந்திரத்துக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று அந்த வாரங்களில் நிறுத்தியிருந்தாள். பிறகு ஒருநாள் அதனுடன் வந்த குறிப்பைப் படித்தாள். குளிக்கலாம், மழையில் நனையலாம், கடலில்கூட நீந்தலாம் என்று போட்டிருந்தது. அப்புறம் என்ன? அந்த வெள்ளிக்கிழமை நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உச்சியில் வைத்து, காதுமடல், காதின் பின்புறம் எல்லாம் வழிய வழியத் தேய்த்து, நன்றாக ஊறவிட்டுச் சீயக்காய் போட்டுக் குளித்தாள்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அமைதி வந்தது. அரிப்பு இல்லை, பல்வலி இல்லை, அடிவயிறு லேசாக இருந்தது. சிறையைச் சீர்படுத்திவிட்டோம் என்று மோனிஷா பூரித்துப்போனாள். நியாயமான பூரிப்புதான், அந்த வாரத்தில்தான் பல் டாக்டரும் வந்துபோயிருந்தார்.

முரட்டு வலிகள் போனபின் மென்மையான உணர்வுகள் மேலே வந்தன, அல்லது அப்படித்தான் அவள் நினைத்தாள். இருட்டில் ஒரு பயம் வந்தது. பாவம், உள்ளே யாரோ பயப்படுகிறார்கள் என்று கைதிகள் படுக்கும் கூடத்தில் விடிய விடிய எரியும் பெரிய விளக்கு மாட்டச் சொன்னாள். தேநீரில் இனிப்புப் போதவில்லை போலிருந்தது. சர்க்கரையைக் கூட்டச் சொன்னாள். வீட்டுக்குப் போகவேண்டும் என்ற தவிப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. அதற்கு என்ன செய்ய முடியும்? சிறையில் இருப்பவர்கள் வீட்டை நினைக்காமல் வேறு எதை நினைப்பார்கள்?

கூடவே, விடியற்காலையில் ஒரு சந்தோஷம் வந்தது.

வெளியே வெளிச்சம் பரவும் நேரத்தில் சாலையில் ஒரு பேருந்து போகும். சிறைச் சுவரைக் கடக்கும்போது இரண்டு முறை ஹாரன் அடிக்கும். அவ்வளவுதான். அந்த நொடியில் மோனிஷாவின் நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்துகொள்ளும். பண்டிகைக் காலையில் எழுந்த பிள்ளைபோல் இருக்கும். காரணம் எதுவும் புரியாது. அன்று முழுவதும் அதன் மிச்சம் நாக்கில் இனித்துக்கொண்டிருக்கும்.

“சந்தனமாரிக்கா, காலையில ஒரு பஸ் ரெண்டு தடவை ஹாரன் அடிக்குதே, எந்த பஸ் அது?” என்று தலைமைக் காவலரிடம் கேட்டாள்.

சந்தனமாரி அந்த ஊர்க்காரி. பூட்டுச் சாவிகளைவிட ஊர் நியாயங்கள்தான் அவளிடம் அதிகம். “அது மொத பஸ்சுல்லா மேடம். நம்ம பேச்சித்தாயி தங்கச்சி செல்வராணிதான் ஓட்டுதா. ஓட்டுதா என்ன ஓட்டுதா, தானோட்டி வண்டி, அதுபாட்டுக்குப் போவுது. இவளுக்கு ஹாரன் ஒண்ணுதான் பாக்கி. அக்கா உள்ள கெடக்கான்னுட்டு இங்கன வந்ததும் ஒரு அமுக்கு அமுக்குவா.”

பேச்சித்தாய் பதினோரு கைதிகளில் ஒருத்தி. வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்புத்தும்பி என்ற பறக்கும் இயந்திரத்தை ஒரு பண்ணையாரிடம் இயக்கிக்கொண்டிருந்தவள். தும்பி ஒருநாள் காணாமல் போயிற்று. விற்றுவிட்டாள் என்றார் பண்ணையார். குளத்தில் விழுந்துவிட்டது என்றாள் இவள். வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. ஜாமீன் என்னவோ கிடைத்தது. ஆனால் சொத்துள்ள இரண்டு பேர் பிணைக்கு வரவேண்டும். பண்ணையாரைப் பகைத்துக்கொண்டு எவன் வருவான்? ஆகவே ஜாமீன் கிடைத்த பேச்சித்தாய் உள்ளேயே இருந்தாள்.

ஆக, அந்தச் சந்தோஷம் அவளுடையதுதான். மறுநாள் விடியலில் மோனிஷா சத்தமில்லாமல் கூடத்துக்கு வெளியே வந்து நின்று பார்த்தாள். சாலைப் பக்கத்துச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சித்தாய் நின்றிருந்தாள். ஹாரன் இரண்டு முறை அடித்தது. மோனிஷாவுக்கு உள்ளே அவிழ்ந்தது. பேச்சித்தாயின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகு சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்தில் ஒரு பங்கே இவ்வளவு என்றால் அவளுக்கு முழுசாக எவ்வளவு இருக்கும் என்று நினைத்து மோனிஷா கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள்.

ஒத்துணர்வுச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. விசாரணைக் கைதிகளில் மிகவும் துன்பப்படுகிறவர்கள் என்று ஜெயிலர் கருதும் மூன்று பேரை மாதாமாதம் பரிந்துரைக்கலாம். பிணைதாரர் வேண்டாம், சொந்த உறுதிமொழியில் வெளியே போகலாம். நீதிமன்றம் அன்றைக்கே அனுமதிக்கும். உணர்கிறவர்தானே சொல்கிறார், வேறென்ன சாட்சி வேண்டும்?

கலப்பி இருப்பதால் பெயர்களை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது. டாக்டர் வேஷம் போட்டு நாலு ஊருக்கு ஊசி போட்ட விமலா, மோனிஷா தலை தெரிந்தாலே சுவரில் சாய்ந்து விம்முவாள். முதல் மாதம் விமலாவும் இன்னும் இரண்டு பேரும் போய்விட்டார்கள். போனவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வந்து, எண்ணிக்கை பதினொன்றாகவே நின்றது. பேச்சித்தாயின் பெயரை மோனிஷா யோசித்தாள். அவளா? தினமும் விடியலில் அப்படிப் பூரிக்கிறவளுக்கு என்ன அவசரம்? அழுகிறவர்கள் முதலில் போகட்டும்.

இரண்டாம் மாதம் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பேச்சித்தாயின் முறை வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. பெயரை எழுதப் போனவள் நிறுத்தினாள். இவள் போய்விட்டால் நாளைக் காலை? வெறும் பேருந்து, வெறும் ஹாரன். வாரக்கணக்கில் அந்த ஒரு நொடியை நம்பித்தான் அவள் எழுந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதம் போகட்டும், இங்கே என்ன குறை, சாப்பாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று வேறு மூன்று பெயர்களைக் கொடுத்தாள். அன்று முழுவதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் உள்ளேயிருக்கும் யாருடையதோ என்று நினைத்துக்கொண்டாள்.

குழப்பம் முற்றியது கோயம்புத்தூரில்தான். மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று இரண்டு நாள் லீவு போட்டுப் போனாள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதுமே அந்தத் தவிப்பு நின்றுவிட்டது. மகளோடு சண்டை போட்டாள், கணவர் சுட்ட தோசையைக் குறை சொன்னாள், நன்றாகத் தூங்கினாள். புளியங்கரையில் பதினோரு பெண்களும் ஒரே நேரத்தில் வீட்டை மறந்துவிட்டார்களா? ஆச்சரியம் தாங்காமல் சந்தனமாரிக்குப் போன் போட்டாள்.

“என்னக்கா, அங்கே ஏதாவது விசேஷமா? எல்லாரும் நிம்மதியா இருக்காங்களே?”

“யாரு நிம்மதியா இருக்கா? மோட்டார் எரிஞ்சுபோச்சு மேடம்! நேத்துலருந்து ஒருத்தி குளிக்கல. கொடத்துக்கு அடிச்சுக்கிட்டு ஒருத்தி மண்டை ஒடஞ்சு தையல் போட்டிருக்கு. ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலயா?”

மோனிஷா தலையைத் தடவிப் பார்த்தாள். தலை நன்றாக இருந்தது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தலைமையகத்துக்குப் புகார் அனுப்பினாள். இரண்டு நாளில் அப்ஸல் என்ற இளம் பொறியாளர் ஒரு சிறு பெட்டியுடன் வந்து சேர்ந்தார். ஒரு பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவளெதிரே உட்கார்ந்தார். கையில் குண்டூசி.

“மேடம், கண்ணை மூடிக்கங்க. நான் என் விரல்ல குத்திக்குவேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். இருந்தா சொல்லுங்க.”

மோனிஷா கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, “ம்… இருக்கு. லேசா இருக்கு” என்றாள்.

“நான் இன்னும் குத்தவே இல்ல மேடம்.”

அவள் கண்ணைத் திறந்தாள். அப்ஸல் சங்கடமாகச் சிரித்தார். பிறகு அவள் பார்க்கவே விரலில் நறுக்கென்று குத்திக்கொண்டார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. மோனிஷாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஒத்துணர்வியைக் கழற்றி, அதன் மூடியைத் திறந்து, கண்ணருகே கொண்டுபோனவர் மூக்கருகே கொண்டுபோனார். “மேடம், இது என்ன வாசனை?”

“நல்லெண்ணெய்” என்றாள் மோனிஷா.

“எண்ணெயா? எண்ணெய எதுக்குக் காதுல விட்டீங்க?”

“காதுல விடல தம்பி. வெள்ளிக்கிழமை தேய்ச்சுக் குளிச்சேன். குளிக்கலாம்னு போட்டிருந்ததே!”

“தண்ணிக்குச் சோதிச்சோம், உப்புத் தண்ணிக்குச் சோதிச்சோம், பனிக்கட்டிக்குக்கூடச் சோதிச்சோம்…” அப்ஸல் தலையில் கைவைத்துக்கொண்டார். “உள்ளே இருக்கிற சவ்வு எண்ணெயில ஊறி உப்பிப்போச்சு. இது செத்து மாசக்கணக்காச்சு மேடம். உடம்புச் சூடு இருந்தா, மாட்டியிருக்கீங்கன்னு மட்டும் எங்களுக்குக் காட்டும். அதனால நாங்களும் கவனிக்கல.”

“அதெப்படி? எனக்கு எல்லாம் தெரிஞ்சுதே. இருட்டைக் கண்டா பயம். காலையில சந்தோஷம். வீட்டுக்குப் போகணும்னு ஒரே தவிப்பு. அப்போ அவ்வளவு நாளும் தவிச்சது யாரு?”

அப்ஸல் பெட்டிக்குள் எதையோ தேடினார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: “வெளியே சொல்லாதீங்க மேடம். மாநிலத்திலேயே உங்க சிறைக்குத்தான் முதலிடம் குடுக்கப் போறாங்க. மத்த ஊர்ல எல்லாம் மிஷின் நல்லா வேலை செய்யுது. அதனால ஜெயிலருங்க மரப்பு மாத்திரை போட்டுக்கறாங்க. இல்லேன்னா, ரொம்ப அழறவங்களை மொதல்ல வெளியே அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்கறாங்க. சகிச்சுக்கிட்டு இருக்கறவங்கதான் உள்ளே கெடக்கறாங்க. நாளைக்குக் காலையில புதுசு ஒண்ணு மாட்டிவிடறேன்.”

அவர் போனபின் மோனிஷா அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் வெறுமையாக இருந்தது. அவளுடைய அப்பா லாரி ஓட்டினவர். போனால் வர வாரக்கணக்கில் ஆகும். திரும்பும்போது தெருமுனையில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். நாற்பது வருஷமாக அவள் நினைத்தே பார்க்காத விஷயம். அப்படியானால் அந்தக் காலைச் சந்தோஷமும் அவளுடையதுதான். பேச்சித்தாய்?

அதை நினைத்ததும் அவள் பதறி எழுந்தாள். அந்தப் பதற்றம் யாரிடமிருந்தும் வந்ததல்ல.

பேச்சித்தாய் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மோனிஷா போய்ப் பக்கத்தில் நின்று, சட்டத்தை மீறினாள். “பேச்சி, காலையில அந்த ஹாரன் கேட்கும்போது உனக்கு எப்படி இருக்கும்?”

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். “என்ன மேடம் இப்படிக் கேக்கிய? ஒங்களுக்குத் தெரியாததா?”

“பரவாயில்ல, நீ சொல்லு.”

“அது தங்கச்சி அடிக்கது இல்ல மேடம். எம்பிள்ளை அடிக்கது. மூணு வயசு நடக்கு. சித்திக்காரி மடியில உக்காத்தி வச்சுத்தான் கூட்டிட்டுப் போறா, பால்வாடியில விடணும்லா. ரெண்டு தடவை அமுக்குனா ‘அம்மா, போயிட்டு வாரேன்’னு அர்த்தம்னு சொல்லிக் குடுத்திருக்கா.” ஈரத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள். “இந்தா, இந்த மதிலுக்கு அங்கிட்டுப் போவுது எம்பிள்ளை. ஒரு தலமுடிகூடத் தெரியல. சத்தம் போனப்பெறவு… அதான் ஒங்களுக்கே தெரியுமே மேடம். அழுகைய நிறுத்த முடியாது.”

பேச்சித்தாய் முறுக்கிய துணியை உதறினாள்.

“பேரு எழுதும்போது ரெண்டு மாசமும் எம்பேரு வரல. மொதல்ல வருத்தமாத்தான் இருந்துச்சு. பெறவு யோசிச்சேன். மேடத்துக்குத்தான் எல்லாரு நெஞ்சும் தெரியுதே, நம்மளவிடக் கஷ்டப்படுதவ எவளோ உள்ள இருக்கா போல, அவ போவட்டும்னு தேத்திக்கிட்டேன். விடியக்காலம் அழும்போதும், செவருக்கு அந்தப் பக்கம் மேடமும் நமக்காக அழுதுக்கிட்டுத்தான் இருப்பாவன்னு நெனச்சுக்குவேன். கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.”

“எனக்கு எதுவும் தெரியாது பேச்சி” என்றாள் மோனிஷா. “மிஷின் எப்பவோ கெட்டுப்போச்சு. இன்னைக்குத்தான் தெரிஞ்சது. அந்த ஹாரன் கேட்டா எனக்கு… எனக்கு வேற மாதிரி இருந்துச்சு. உனக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்.”

பேச்சித்தாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் மோனிஷாவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். புரியாத கணக்கைப் பார்ப்பதுபோல் அவள் மோனிஷாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பம் இத்தன நாளும் நான் ஒத்தையிலயா அழுதேன்?”

மாலைக்குள் பரிந்துரை போய், அனுமதியும் வந்துவிட்டது. கடைசிப் பேருந்து சிறை வாசலில் நின்றது. செல்வராணி இறங்கவில்லை, சன்னல் வழியாகப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டுப் பட்டையைச் சந்தனமாரி கழற்றியதும் பேச்சித்தாய் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் மோனிஷா அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் மறைந்துகொண்டுதான் நின்றாள். சந்தனமாரிதான், “நல்ல காரியம் மேடம். ஆனா ரெண்டு மாசம் முந்தியே செஞ்சிருக்கலாம்” என்று மனசில் பட்டதைச் சொன்னாள்.

மறுநாள் விடியுமுன்பே அப்ஸல் வந்து புது ஒத்துணர்வியை மாட்டி, இயக்கி, விரலில் குத்திக் காட்டிச் சரிபார்த்துவிட்டு, முதல் பேருந்தைப் பிடிக்க ஓடினார். மாட்டிய மாத்திரத்தில் பத்துப் பேரும் மோனிஷாவுக்குள் வந்து நிரம்பினார்கள். தையல் போட்ட மண்டை விண்ணென்று தெறித்தது. வயிற்றில் ஒரு குமட்டல். கண்ணில் மணல் போட்டதுபோல் ஒரு எரிச்சல். அப்போது சாலையில் பேருந்து வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, அடிக்க வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டதே. சத்தமில்லாமல் சுவரைக் கடந்து போய்விட்டது.

மோனிஷாவுக்குள் சட்டென்று ஏதோ கீழே இறங்கியது. அது அவளுடைய ஏமாற்றமா? அல்லது உள்ளே மற்ற பெண்களும் யாரோ ஒருத்தியின் பிள்ளை அடிக்கும் அந்த ஹாரனுக்காகத் தினமும் காத்துக்கொண்டிருந்தார்களா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இயந்திரம் இந்த முறை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வலிப்பதைச் சொல்லிற்று. ஏன் என்று சொல்லத்தான் அதற்குத் தெரியவில்லை.

அவள் கூடத்தைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பெண்கள் எழுந்து நின்றார்கள்.

“என்ன ஆச்சு? யாருக்கு என்ன பண்ணுது? சொல்லுங்க” என்றாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாருமாக, “நல்லா இருக்கோம் மேடம்” என்றார்கள்.

காதுக்குப் பின்னால் சுருக்கென்றது. பழைய குழுக்கள் எழுதிக்கொண்டு போன அதே பதில். குழு கேட்டபோது பயத்தில் சொன்னார்கள். இப்போது பயமில்லை, எல்லாம் தெரிந்தவளிடம் எதற்கு வாயை வலிக்கவிட வேண்டும் என்ற நினைப்பு. மோனிஷா கையைப் பின்னால் கொண்டுபோய் ஒத்துணர்வியைப் பிடுங்கி, சன்னல் திட்டில் வைத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. நெசமாவே தெரியாது. முந்தியும் தெரியாது. மிஷின் செத்துக் கெடந்தது, நான் என்பாட்டுக்கு எதையோ செஞ்சுக்கிட்டிருந்தேன். நீங்களாச் சொன்னாத்தான் உண்டு.”

அலுவலகத்தில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. ஒத்துணர்வியைக் கழற்றினால் தலைமையகத்தில் மணி அடிக்கும். கழற்றியதற்கு வேலையே போகலாம். “மேடம், போனு!” என்று வாசலிலிருந்து சந்தனமாரி பதறினாள்.

சன்னலோரம் நின்ற வயதான கைதி கோமு, மோனிஷாவின் வெறும் காதைக் குனிந்து பார்த்தாள். சன்னல் திட்டில் கிடந்த அந்தப் பயறளவு கருவியையும் பார்த்தாள். சந்தேகம் தீர்ந்தவளாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்பம் சொல்லுதேன், கோவப்படாதிய. இந்தப் பேய் வெளக்க மாட்டுனதுலருந்து ஒருத்தி கண்ணு மூடல. கண்ணெல்லாம் எரியுது. எந்தப் புண்ணியவான் சொல்லி மாட்டுனாவளோ!”

“டீயில ஏன் மேடம் இம்புட்டுச் சீனி?” என்றது இன்னொரு குரல். “குடிச்சா கொமட்டிக்கிட்டு வருது. எனக்குச் சர்க்கரை வியாதி வேற.”

“மோட்டாரு…” என்று மூன்றாவது ஒருத்தி ஆரம்பிக்க, “இருடீ, நான் சொல்லி முடிக்கேன்” என்று கோமு அவளை அடக்கினாள்.

மோனிஷா எழுந்து போய், நன்றாக விடிந்த பிறகும் தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்த அந்தப் பெரிய விளக்கை அணைத்தாள். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, “ம், அடுத்தது சொல்லுங்க” என்றாள். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.